ஏறும் வேகம்

சென்னை அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
வாடிக்கையாளர் ஏன் வேகம் கூட்டிக் கேட்கிறார்?
கீழே ஐந்து கட்டம்:
படிப்பு, அலுவலகம், பொழுதுபோக்கு,
கோப்புப் பகிர்வு, மற்றவை.
ஒன்றில் மட்டும் டிக் போடவும்.

காரைக்குடி முதல் கானாடுகாத்தான் வரை
ஏணி சாய்த்து ஏறி இறங்குகிற எனக்கு
அந்த 'ஒன்றில் மட்டும்'தான் உதைக்கிறது.

கேட்டால் எல்லாரும் படிப்பு என்பார்கள்.
பிள்ளை இல்லாத வீட்டிலும் படிப்பு.
இரவு ஒன்றரைக்கு
என் போனில் கோடு பிரான்மலையாய் எழும்பும்.
பரீட்சை முடிந்து மே மாதம் வந்தாலும் இறங்காது.
என்ன போகிறது என்று எனக்குத் தெரியாது,
எவ்வளவு என்று தெரியும்,
தபால்காரனுக்குக் கனம் தெரிகிற மாதிரி.

கானாடுகாத்தானில் ஒரு வீடு.
பதினொரு புள்ளி, ஒரே இணைப்பு.
மாதக் கட்டணத்தையும் புள்ளிவரியாகத்தான் பிரிக்கிறார்கள்.
யார் அதிகம் இழுத்தது என்று
வாட்ஸப்பில் பங்காளிச் சண்டை.
நூறை முந்நூறாக்கினார்கள்.
இரண்டாங்கட்டு தாண்டியதும்
முந்நூறு மூன்றாகிவிட்டது.
சுவர் இரண்டே முக்கால் அடி.
பர்மாப் பணத்தில் எழுப்பிய சுவர்
வைஃபைக்கா வழிவிடும்?
உள்ளே இன்னொரு பெட்டி மாட்டினால் போதும் என்றேன்.
"அதெல்லாம் வேண்டாம், வேகத்தைக் கூட்டுங்க"
என்றார் ஆறாவது புள்ளி.
எதிர் வீட்டில் ஐந்நூறாம்.

தேவகோட்டையில் உமையாள்,
இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறவர்.
என் வட்டாரத்திலேயே அதிகம் எடுப்பது அவர்.
எடுத்ததைவிட அதிகம் கொடுப்பதும் அவர்தான்.
ஒரு பங்கு இறக்கினால்
இரண்டு பங்கு ஏற்றாமல் கணக்கை மூட மாட்டார்.
யாருக்கு என்றேன்.
"தெரியாது. கேக்குறவங்களுக்கு."
இருப்பதிலேயே சின்னத் திட்டம் அவருடையது, முப்பது.
ஊக்கத்தொகை ஆசையில்
இருநூறுக்கு மாற்றிவிடப் போனேன்.
பேரேட்டிலிருந்து தலை நிமிராமலே சிரித்தார்.
"நான் தூங்குறப்பதான தம்பி இறங்குது,
தூக்கத்துக்கு என்ன அவசரம்?"

படிவத்துக்கு இதை எப்படிச் சொல்வது?
மலையளவு பகிர்கிறவர் வேகம் கேட்கவில்லை.
திரையில் வட்டம் சுற்றுவதை
உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர் கேட்கிறார்.

இத்தோடு முடித்திருப்பேன்.
குறுக்கே வந்தார் ஜியாவுதீன் பாய்,
புதுவயலில் ஸ்டுடியோ.
கல்யாணம் ஒன்றுக்கு இருநூற்று நாற்பது ஜிபி,
எடிட்டிங் கோயம்புத்தூரில்.
அனுப்பப் போட்டால்
இரண்டு நாள் ஆறு மணி நேரம் காட்டும்.
ஹார்டு டிஸ்கை டிபன் டப்பாவில் வைத்து
ராத்திரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால்
விடியும்போது சிங்காநல்லூர்.
"ஒன் லைனைவிட டயர் வேகம்டா சேவுகா."

எங்கள் தட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம்
இறங்கும் வேகம்.
அவர் கேட்டது ஏறும் வேகம்.
ஊரே வாயைத் திறந்து வைத்திருக்க
ஒரு மனிதர் கொடுப்பதற்கு வழி கேட்டார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் கொடுத்தோம்.
ஐந்தரை மணி நேரம். பஸ் தோற்றது.
எனக்குப் பிரியாணி வந்தது.

வழி அகலமானதும் பாய் கேமராவை மாற்றினார்.
கேமரா மாறியதும் ஆள் சேர்த்தார்.
மண்டபத்துக்கு மேலே ட்ரோன் வேறு.
இப்போது கல்யாணம் ஒன்றுக்கு
அறுநூறு ஜிபி.

கோப்பு கேட்டு வேகம் வந்ததா,
வேகம் வந்து கோப்பு பெருத்ததா?
அதற்குக் கட்டம் இல்லை.
'மற்றவை'யில் டிக் போட்டேன்.
விவரம் எழுத விட்டிருந்த கோடு
என் சுண்டுவிரல் நீளம்.

ஐப்பசியில் டிபன் டப்பா
மறுபடி பஸ் ஏறியது.
வாங்கி இன்ஜின் பெட்டியோரம் வைத்துக்கொண்டே
கண்டக்டர் கேட்டாராம்:
"ரெண்டு மாசமா காணோமே பாய்,
ஊர்ல யாருக்கும் கல்யாணமே ஆகலையா?"